மஞ்சள் காட்டில் ஒரு வகிடு

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். காலடியில் கிடக்கும்போது கண்ணில் படாது. குனிந்து தேடினால் வெறும் மண்தான் இருக்கும். விட்டு விலகி, இன்னும் விலகி, ஊரே உள்ளங்கையளவு ஆகிற தூரத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். உழுதாலும் அழியாது, மேலே பயிர் வைத்தாலும் மறையாது. அது என்ன?

உடனே விடை வராவிட்டால் பரவாயில்லை. ஓடைப்புதூர்க்காரர்களுக்கும் அந்த வருஷம் ஆனியிலிருந்து புரட்டாசி வரைக்கும் வரவில்லை. கதை முடிவதற்குள் உங்களுக்கு வந்துவிடும்.

ஓடைப்புதூர், படம் எடுக்கிறவர்களுக்குப் பிடித்த ஊர். நிறைந்து ஓடும் வாய்க்கால், வாய்க்காலில் முகம் பார்க்கும் தென்னைகள், வரிசையாக ஓட்டு வீடுகள், வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சள் காடு, அந்தப் பக்கத்தில் வயலைக் காடு என்பார்கள். ஃபிலிம் சுருளில் படம் எடுத்த காலம் அது. மழை குறைந்த மாதங்களில் ஏதாவதொரு கம்பெனி வேனும் விளக்குமாக வந்து இறங்கும், ஊர் ஜனம் கூட்டத்தில் நிற்கும். கதாநாயகிக்குக் கல்யாணம் என்றால் பந்தியில் உட்காருவார்கள், வில்லன் ஜீப்பில் வந்தால் சிதறி ஓடுவார்கள், பண்ணையார் செத்தால் பாடைக்குப் பின்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நடப்பார்கள். இவர்களைத் திரட்டிக் கொடுக்கிற ஏஜென்ட் தர்மலிங்கம் என்பவர் இரண்டே சட்டம் வைத்திருந்தார். ஒன்று, கேமராவைப் பார்க்கக் கூடாது. இரண்டு, கட் சொல்கிற வரைக்கும் செய்கிற வேலையை நிறுத்தக் கூடாது.

இரண்டாவது சட்டத்தில் ஓடைப்புதூரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு கம்பெனி அறுப்புக் காட்சி எடுத்தது. கட் சொல்ல மறந்து சாப்பிடப் போய்விட்டார்கள். கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வயல் முழுக்க அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்கே கொண்டு சேர்த்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் சிந்தாமணி என்று ஒருத்தி. புருஷன் லாரியோடு வடக்கே போனால் மாதம் ஒரு தடவை வருவான். சிந்தாமணி கேமராவைப் பார்க்கக் கூடாது என்ற முதல் சட்டத்தை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மதித்தாள் போலிருக்கிறது, எந்தப் படத்திலும் அவள் முகம் வந்ததில்லை. முதுகு வந்திருக்கிறது, தலையில் வைத்த கூடை வந்திருக்கிறது. பக்கத்து டவுனான கோபியில், தியேட்டரில் படம் பார்க்கும்போது அவளுடைய எட்டு வயது மகள் தாரணி இருட்டில் எழுந்து நின்று, "அம்மா, அதா உன்ற கொண்டை" என்று விரலை நீட்டுவாள். பின் வரிசைக்காரர்கள் உட்காரச் சொல்லி அதட்டுவார்கள். அந்தக் கொண்டை போதும் என்றுதான் சிந்தாமணி நினைத்திருந்தாள்.

அந்த வருஷம் வைகாசியில் ஊருக்கு ஒரு கெடுதல் வந்தது. மேலத்தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பஸ் நிற்கும் ரோட்டுக்கும் ஒரு தடம் உண்டு, சென்னியப்பனின் காட்டுக்கு நடுவே போகும். சென்னியப்பன் ஊரிலேயே பெரிய கை. மஞ்சள் விலை ஏறியதும் அவர் தடத்தின் இரண்டு முனையிலும் முள்கம்பி வேலி போட்டு, டிராக்டர் விட்டு உழுது, மண்ணோடு மண்ணாக்கி, மேலே மஞ்சள் கிழங்கை ஊன்றிவிட்டார். கேட்கப் போனவர்களிடம், "தடமா? எந்தத் தடம்? தாலுகா ஆபீஸ் வரைபடத்துல இருந்தாக் காட்டுங்க பாக்கலாம்" என்றார். வரைபடத்தில் இல்லை. நடந்த கால்கள்தான் இருந்தன, அவற்றை எந்த ஆபீசிலும் காட்ட முடியவில்லை. பிள்ளைகள் வாய்க்கால் கரை மேல் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். கரை ஒற்றையடி, ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் ஆள் மூழ்கும் தண்ணீர். தாரணி ஒருநாள் வழுக்கி உட்கார்ந்ததில் அவள் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி வாய்க்காலோடு போயிற்று. அன்றைக்குப் போசி. சிந்தாமணி அதற்கு மேல் நினைக்க மாட்டாள், நினைத்தால் கை வேலை ஓடாது. ஊர் சேர்ந்து மனுக் கொடுத்தது. தாசில்தார் ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. எப்போது என்று வரவில்லை.

ஆனியில் ஒரு கம்பெனி வந்தது. கடைசி நாள், கடைசி ஷாட். ஊர் ஜனம் அந்திக்கு வீடு திரும்புகிறது, தலையில் புல்லுக்கட்டு, தோளில் மண்வெட்டி, இடுப்பில் குழந்தை. கத்திக் கத்தி இயக்குநருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. முன்வரிசையில், அன்று காலைதான் முன்பல் ஒன்று விழுந்திருந்த தாரணி பொக்கைவாயைத் திறந்துகொண்டு நின்றாள். அவர் சிரித்துவிட்டு, நீ சொல்லு என்று சைகை காட்டினார். தாரணி பல் விழுந்த சந்தில் காற்றும் கலந்து வர, "ஆக்‌ஷன்" என்று கத்தினாள்.

கேமரா ஓடிற்று, ஊர் நடந்தது, நாலு எட்டு வைப்பதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கம்பெனிக்காரர்கள் கேமராவுக்குத் தார்ப்பாய் போர்த்தி, தங்கள் தலைக்கு எதுவும் இல்லாமல் ஓடி, வேனில் ஏறிப் போயே போய்விட்டார்கள். யாரும் கட் சொல்லவில்லை. புல்லுக்கட்டு மழையில் ஊறி இரண்டு பங்கு கனக்க, ஊர் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வீடு திரும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் தர்மலிங்கம்தான் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஷாட்டுல என்ன பண்றோம்? வீட்டுக்குப் போறோம். அப்ப வீட்டுக்கே போயிரலாம். அது கட் பண்ணினதா ஆகாது."

போனார்கள். ஷாட் மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சிந்தாமணி வாசல் தெளிக்க வந்தாள். தெருக்கோடியில் பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி அவளையே பார்த்தார். அத்தனை தூரத்தில் நின்ற அவருக்கு, சிந்தாமணியின் முகம் ஒரு முழம் தள்ளி இருக்கிற மாதிரி, கண் கொள்கிற மட்டும் நிறைந்து தெரிந்தது. இடது புருவத்துக்கு மேல் இருந்த சின்ன வடு, கீழிமையில் தூக்கமில்லாத கருமை, எதையோ சொல்லாமல் கடித்துக்கொண்டிருந்த தாடை, எல்லாம். க்ளோசப் என்பார்களே, அது. எங்கே நின்று யார் பார்த்தாலும் அவளுக்கு க்ளோசப்தான். காட்டின் அந்தக் கோடியில் களை எடுத்துக்கொண்டிருந்தால், இந்தக் கோடியில் வருகிறவனுக்கு அவள் மூக்கு நுனி வேர்வை தெரியும்.

யாரும் கூச்சல் போடவில்லை. ஊர் கூடி தர்மலிங்கத்திடம் கேட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கட் சொல்லலீல்ல? ஷாட் ஓடுது" என்றார். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. வேலைக்குப் போனார்கள்.

பொழுது ஏற ஏற ஒவ்வொருவருக்கும் ஒரு ஷாட் வந்து சேர்ந்திருந்தது தெரிந்தது. தர்மலிங்கத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தாங்களும் அவரோடு பக்கத்திலேயே கேமரா ஓடுகிற தண்டவாள வண்டியில் உருண்டு போகிற மாதிரி இருந்தது. அவர் நடக்கிற வேகத்தில் மரமும் வீடும் பின்னால் நகர்ந்தன. அவர் ஆயுசு முழுக்க யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் நடந்தவர் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. டீக்கடை மாரப்பனுக்கு ஸ்லோமோஷன் வாய்த்தது. அவர் ஆற்றுகிற டீ காற்றில் கயிறு மாதிரி தொங்கித் தொங்கி இறங்குவதைப் பார்க்க முதல் நாள் கூட்டம் கூடிற்று. இரண்டாம் நாள், பாலில் அவர் தண்ணீர் விடுவதும் அதே நிதானத்தில் தெரிந்தது. மூன்றாம் நாளிலிருந்து டீ நன்றாக இருந்தது. வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதல் முறை என்ற சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவனைப் பார்த்தால் இன்னொருவனும் சேர்ந்தே தெரிந்தான், ஒரே படச்சட்டத்துக்குள், நடுவில் ஒரு சாண் இடைவெளியோடு. அண்ணன் கோபியில் இருந்தாலும் தம்பியின் தோளுக்கு அருகே அவன் தோள் வந்து நின்றது. அந்த ஒரு சாணைப் பார்த்துப் பார்த்து ஊருக்கே சங்கடமாகி, ஆடிப்பெருக்கன்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

ஊர் இதற்கெல்லாம் புது மரியாதைகள் வகுத்துக்கொண்டது. சிந்தாமணியைப் பார்க்கும் முன் ஒரு சின்னக் கனைப்புக் கனைக்க வேண்டும். டீ கேட்டுவிட்டு அவசரப்படுத்தக் கூடாது. வெளியூர் பஸ் கண்டக்டருக்கு முதல் வாரம் தலை சுற்றியது, அப்புறம் அவரும் இறங்கியதும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து பழகிக்கொண்டார். ரேஷன் கடைக்காரர் சிந்தாமணியிடம் சர்க்கரை தீர்ந்துபோயிற்று என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகம் அவர் கண் முழுக்க நின்றது. உள்ளே போய் எடுத்து வந்தார். இத்தனை காலம் கொண்டையாக மட்டும் இருந்தவளுக்கு, தான் வாய் திறப்பதற்கு முன்பே ஜனங்கள் "சொல்லு சிந்தாமணி" என்பது புதிதாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

சென்னியப்பனுக்கு லோ ஆங்கிள். எதிரே யார் நின்றாலும் அவரை அண்ணாந்து பார்ப்பது போலவே தெரிந்தது. வேட்டி கோபுரக் கால் மாதிரி எழுந்து, மீசை மேகத்தில் முட்ட, தலைக்குப் பின்னால் தென்னை மட்டைகள் விசிறின. அவர் ஒருவர்தான் தன் ஷாட்டை மனசாரக் கொண்டாடினார். வேலியைப் பற்றிப் பேசப் போனவர்கள் அவரைப் பார்த்ததும் பேச வந்ததை மறந்து, "சும்மா இப்படி வந்தோமுங்க" என்று திரும்பினார்கள்.

தாரணிக்கு வந்தது லாங் ஷாட்.

அவளைப் பார்க்கிற கண் தானாகவே பின்வாங்கும். பின்வாங்கி மேலேறி, கூரை தாண்டி, தென்னை தாண்டி, பருந்து வட்டமடிக்கிற உயரத்துக்குப் போய் நின்றுவிடும். அங்கிருந்து பார்த்தால் வாய்க்கால் ஒரு நூல், ஓட்டு வீடுகள் சோளப்பொரி, காடு பச்சைப் பாய், அதில் ஒரு மூலையில் எள்ளளவு தாரணி. வீட்டுக்குள் இருந்தாலும் கூரைதான் தெரியும், அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளைப் "புள்ளி" என்று கூப்பிட்டார்கள். வாத்தியார் வருகைப் பதிவின்போது சன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு அவள் பெயரைச் சொன்னார்.

சிந்தாமணிக்கு மகளின் முகம் போய்விட்டது.

மடியில் உட்கார வைத்துத்தான் தலை வாருவாள். சூடும் கனமும் மடியில் இருக்கும், கண்ணுக்கோ ஊர் முழுக்க விரிந்து கிடக்கும். ஆகவே கண்ணை மூடிக்கொள்வாள். நெற்றி நடுவில் விரலை வைத்து, சீப்பின் வால் முனையால் உச்சி வரைக்கும் வகிடு இழுப்பாள். இழுத்த வகிட்டைச் சுண்டுவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள், நேராக இருக்கிறதா என்று.

"பல்லு முளைச்சுதா கண்ணு?"

"கொஞ்சூண்டு."

"ஆ காட்டு, பாக்கலாம்." வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். ஈறில் அரிசி மாதிரி ஏதோ தட்டுப்படும்.

"அம்மா, நா இப்ப அழுவறனா சிரிக்கறனா, சொல்லு."

சிந்தாமணி கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்வாள். சில நாள் தப்பாகச் சொல்லிவிடுவாள். தாரணிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அம்மாவின் முகம் எப்போதும் அவள் கண் நிறைய இருந்தது, அம்மா தப்பாகச் சொன்னபோது அந்த முகம் என்ன ஆயிற்று என்பதும் சேர்த்து.

ஆவணியில் வாய்க்காலில் முழுத் தண்ணீர் விட்டார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகிற மகளை வாசலில் நின்று பார்க்கும்போது, சிந்தாமணியின் கண் பருந்தின் உயரத்துக்குப் போய், அத்தனை நீளத் தண்ணீரையும் அதன் விளிம்பில் ஊர்கிற எள்ளையும் காட்டிற்று. முன்பெல்லாம் மகள் தெருமுனை திரும்பியதும் மறைந்துவிடுவாள், சிந்தாமணியும் வேலையைப் பார்ப்பாள். இப்போது மறைவதே இல்லை. இத்தனை பெரிய உலகத்தில் இத்தனை சின்னதாகவா இவளை அனுப்புகிறோம் என்று, புள்ளி பள்ளிக்கூட ஓட்டுக்குக் கீழே போய்ச் சேருகிற வரைக்கும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி நின்ற புரட்டாசிக் காலை ஒன்றில்தான் அவள் அதைப் பார்த்தாள்.

மஞ்சள் இடுப்பளவு வளர்ந்திருந்தது. பருந்தின் உயரத்திலிருந்து பார்க்கும்போது காடு அடர் பச்சையாக, எண்ணெய் தேய்த்த தலைமுடி மாதிரி இருந்தது. அந்தப் பச்சைக்கு நடுவே, மேலத்தெரு முனையில் தொடங்கி, கொஞ்சம் வளைந்து, வேப்பமரத்தடியில் ஒருமுறை தயங்கி, பஸ் நிற்கும் ரோடு வரைக்கும் வெளுப்பாக ஒரு கோடு. சிந்தாமணி கண்ணை மூடித் திறந்தாள். கோடு இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தலை வாரி விட்டவளுக்கு அது என்னவென்று ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடந்தே இறுகிய மண்ணை ஓர் உழவு இளக்கிவிடாது. அந்த இடத்தில் மட்டும் கிழங்கு வேர் இறங்க முடியாமல் தவித்து, இலை குட்டையாகி, நிறம் வெளிறி நின்றிருந்தது. வேலியோரம் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் பச்சை இலை. விலகிப் போனால்தான் வகிடு தெரியும்.

அவள் ஊரைக் கூப்பிட்டாள். ஊர் வந்து, இத்தனை நாள் கூச்சத்தினால் பார்க்காமல் தவிர்த்த அந்தச் சின்னப் பெண்ணை மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது.

"அதுதான் எங்கப்பன் வேப்பமரத்தடியில சுமை இறக்கற இடம்" என்றார் மாரப்பன், மிக மெதுவாக, அவர் எல்லாமே மெதுவாகத்தானே.

தாசில்தார் அடுத்த வாரம் வருவதாகத் தகவல் வந்தது. சென்னியப்பனுக்கும் எட்டிற்று. அவரும் வேலியருகே நின்று தாரணியைப் பார்த்தார், பார்த்த வேகத்தில் காரை எடுத்துக்கொண்டு போனார், இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து அந்தக் கம்பெனியின் உதவி இயக்குநர் ஒருவரைக் கூட்டி வந்தார். பையன் மதகின் மேல் ஏறி ஒலிபெருக்கியில் "கட்" என்றான். ஒன்றும் நடக்கவில்லை. "கட், கட்" என்றான். மாரப்பனின் டீ கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, தொண்டையக் கெடுத்துக்காதீங்க" என்றார் தர்மலிங்கம். "ஆக்‌ஷன் யார் சொன்னாங்களோ அவிகதான் கட் சொல்லோணும். உங்களுக்குத் தெரியாததா?"

உதவி இயக்குநர் யோசித்தான். "ஆமாங்க, அதுதான் முறை" என்று இறங்கிக்கொண்டான்.

ஊருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது, யார் சொன்னது என்று. சென்னியப்பனுக்கும் வந்தது.

மறுநாள் காலை சிந்தாமணி வாசலில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். வானத்தை மறைத்துக்கொண்டு வந்தார். கையில் ஜிலேபிப் பொட்டலம்.

"அம்மிணி சிந்தாமணி, நா சண்டைக்கு வல்லே. புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

"பேசுங்கண்ணா. புள்ளை இங்கதான் இருக்குது."

அவர் தாரணி இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, குந்தி உட்கார்ந்தார். "கண்ணு, ஒத்த வார்த்தை. கட்டுன்னு சொல்லிரு. உங்கம்மா உன்ற மூஞ்சியப் பாத்து மூணு மாசமாச்சு. பெத்தவளுக்கு அது எப்படி இருக்கும்? சொல்லிரு, இந்த நிமிசமே பாத்துக்குவா. தடம் கெடக்குது, அது பெரியவங்க விசயம்."

சிந்தாமணியின் கையில் சீப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னதில் பொய்யே இல்லை. இந்த நிமிஷமே. தாசில்தார் வருவாரோ மாட்டாரோ, வந்தாலும் நம்புவாரோ மாட்டாரோ, பல் முளைத்த வாயை இப்போதே பார்த்துவிடலாம்.

"வேண்டாங் கண்ணு" என்றாள்.

தாரணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் எதிரே நிறைந்திருந்தது. வேண்டாம் என்ற வாயும், வேண்டும் வேண்டும் என்ற கண்ணும், இரண்டுக்கும் நடுவில் நடுங்குகிற மூக்கும். க்ளோசப்பில் எதையும் ஒளிக்க இடம் கிடையாது.

"அம்மா, உனக்கு வேணும்" என்றாள் தாரணி.

சிந்தாமணி மறுக்கவில்லை. மறுத்தால் அதுவும் தெரிந்துவிடும். "வேணும். அதவிட, நீ கரை மேல போகாம இருக்கோணும்" என்றாள்.

தாரணி கொஞ்ச நேரம் ஜிலேபிப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு சென்னியப்பனைப் பார்த்து, "தாசில்தார் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் யோசிக்கறேன்" என்றாள்.

"நா யாருன்னு தெரியுதா உனக்கு? என்ன நல்லாப் பாரு."

"தெரியுதுங்க. எனக்கு எல்லாப் பெரியவிகளும் இப்படித்தான் கீழிருந்து தெரிவாங்க. வாத்தியார் இதவிட உசரம்."

சென்னியப்பன் எழுந்து போனார். பொட்டலத்தை மறந்துவிட்டார். தாரணியும் ஞாபகப்படுத்தவில்லை.

தாசில்தார் வெள்ளைப் பூப்போட்ட புடவையில் நடுத்தர வயது அம்மா. ஜீப்பை விட்டு இறங்கியவர் முதலில் சென்னியப்பனைப் பார்த்தார், பார்த்ததும் தன்னை அறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார். "நீங்கதான்... நீங்கதானுங்களா?" என்று அவர் குரலில் ஒரு "ங்க" கூடுதலாக ஏறிற்று. ஊர் தலையைக் குனிந்தது. போயிற்று என்று நினைத்தது.

சிந்தாமணி முன்னால் வந்தாள். கூட்டத்தில் எப்போதும் பின்வரிசையில் நின்றவள், கேமராவைப் பார்க்காதவள். அவள் நேராகத் தாசில்தாரின் கண்ணைப் பார்த்தாள், தாசில்தாரின் கண் முழுக்க அவள் முகமானது.

"அம்மா, பயப்படாதீங்க. நாங்களும் இத்தன நாளா அப்படித்தான் பாத்தோம். அவர் ஒண்ணும் அவ்வளவு உசரமில்லீங்க. கீழிருந்து பாத்தா யாரும் அப்படித்தான் தெரிவாங்க. நாங்க பள்ளத்துல நிக்கறோம், அதுதான் அந்த ஷாட்டு சொல்லுது. எனக்கே இப்பத்தான் புரிஞ்சுது."

தாசில்தார் மறுபடி சென்னியப்பனைப் பார்த்தார். மீசை மேகத்தில்தான் இருந்தது. இந்த முறை அவர் நகரவில்லை.

"தடம் இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"என்ற புள்ளையப் பாருங்க."

தாரணி புத்தகப் பையோடு வேலிக்கு முன்னால் நின்றாள். தாசில்தார் பார்த்தார். அவர் கண் பின்வாங்கிற்று, கூரை தாண்டிற்று, தென்னை தாண்டிற்று, பருந்தின் உயரத்தில் போய் நின்றது. ஒரு நூல் வாய்க்கால், அதன் விளிம்பில் பிள்ளைகள் சுற்றிப் போகிற நீண்ட வழி. நடுவே பச்சை. பச்சைக்கு நடுவே வகிடு. வகிட்டின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, பையோடு, போக முடியாமல் நிற்கிறது.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"யார் போட்ட கோடு அது?" என்றார்.

"கால் போட்டதுங்க" என்றார் தர்மலிங்கம்.

"எரு பத்தலீங்க, அதான் வெளிறிக் கெடக்குது" என்றார் சென்னியப்பன், மேகத்திலிருந்து.

"எரு பத்தாமப் போறது சரியா மேலத்தெருவுல ஆரம்பிச்சு பஸ் ஸ்டாப்புல முடியுமா?" என்று கேட்டார் தாசில்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், சிரித்து முடித்தபோது சென்னியப்பன் கொஞ்சம் இறங்கியிருந்த மாதிரி பட்டது. "நீங்களே பாருங்களேன்" என்றார் தாசில்தார் அவரிடம்.

வேறு வழியில்லாமல் சென்னியப்பனும் தாரணியைப் பார்த்தார். முன்னொரு நாள் அவசரத்தில் பார்க்காத ஒன்றை இப்போது பார்த்தார். வேப்பமரத்தடியில் அந்த வகிடு கிளை பிரிந்து, மெல்லிய ஒரு கோடாக அவருடைய வீட்டுப் புழக்கடைக் கதவில் போய் முடிந்தது. அவருடைய அப்பா பள்ளிக்கூடம் போன கோடு. அவரே போன கோடு. அவர் வேலிக் கம்பியை முடுக்கிய ஆளைக் கூப்பிட்டு, "அவுத்துருடா" என்றார்.

தாசில்தார் மண்வெட்டி கேட்டு வாங்கி அங்கங்கே கொத்திப் பார்க்கச் சொன்னார். வகிட்டில் உழவுக்கு அடியில் மண்வெட்டி டங்கென்று பாறையில் பட்ட மாதிரி பேசிற்று. பக்கத்தில் கொத்தினால் பொதபொதவென்று இறங்கிற்று. அளந்து கல் நட்டார்கள். வரைபடத்தில் ஏறிற்று. இனி அது எவருடைய காடும் இல்லை.

அன்று ஊர் வேலைக்குப் போகவில்லை. வெளிறிய செடிகளைப் பிடுங்கி ஓரம் கட்டி, மண்ணை மிதித்து, மிதித்தே தடத்தைத் தடமாக்கினார்கள். அண்ணனும் தம்பியும் தோளோடு தோளாக மிதித்தார்கள். யாரோ பம்பை எடுத்து வந்து அடித்தார்கள். தர்மலிங்கம் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடக்க, அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் கூடவே உருண்டு போனார்கள். மாரப்பன் எல்லோருக்கும் டீ கொடுத்தார், பொழுது சாய்கிற வரைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பேச்சு வந்தது. கட் சொல்வதா வேண்டாமா.

"வேண்டாம்" என்றது பாதி ஊர். "நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு வேலி போட்டா? புள்ளியப் பாத்தா எல்லாம் தெரியுமே."

"எனக்குக் கட் வேணும்" என்றார் மாரப்பன். "ஒரு தும்மல் போட்டா மத்தியானம் ஆயிருது."

அண்ணன் தம்பி யோசித்துவிட்டு, எப்படியானாலும் சரி என்றார்கள். சென்னியப்பன் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வரப்பில் உட்கார்ந்திருந்தார், அங்கிருந்தும் பெரிதாகத்தான் தெரிந்தார், யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"சொன்னவதான் முடிவு பண்ணோணும்" என்றார் தர்மலிங்கம். எல்லோரும் தாரணியைப் பார்த்தார்கள், அதாவது ஊரைப் பார்த்தார்கள்.

தாரணி அம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

"கட் சொன்னா உன்ற மூஞ்சி யாருக்கும் தெரியாமப் போயிரும். திரும்பக் கொண்டையாயிருவே."

"ஆவேன்."

"ரேஷன் கடையில சர்க்கரை இல்லைம்பாங்க."

"கேட்டு வாங்கிக்கறேன். எப்படிப் பாக்கோணும்னு இப்பத் தெரியுமில்ல."

தாரணி அந்தப் பெரிய முகத்தை, புருவ வடுவிலிருந்து தாடை வரைக்கும் ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "நீ ரோட்டுல போய் நில்லு" என்றாள்.

சிந்தாமணி போய் பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். தாரணி மேலத்தெரு முனையில் பையை மாட்டிக்கொண்டு, தடத்தில் இறங்கினாள். ஊர் முழுக்கப் பருந்தின் உயரத்திலிருந்து பார்த்தது. பச்சைக்கு நடுவே செம்மண் வகிடு, வகிட்டில் ஒரு புள்ளி, வளைவில் வளைந்து, வேப்பமரத்தடியில் கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்து, யாரும் தடுக்காமல், தண்ணீர் பக்கத்தில் இல்லாமல், முனையிலிருந்து முனை வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஊரில் எடுத்த எந்தப் படத்திலும் அப்படியொரு ஷாட் இருந்ததில்லை என்று தர்மலிங்கம் பிற்பாடு சொன்னார்.

சிந்தாமணி குனிந்து, கண்ணை மூடாமல், மகள் நிற்கிற இடம் என்று தெரிந்த இடத்தைப் பார்த்தாள்.

தாரணி பையைக் கீழே வைத்தாள். "கட்" என்றாள்.